உங்கள் தெருவின் காற்றுக்கு ஓர் எண்: கம்ப்யூட்டர் காட்டுவதை எவ்வளவு நம்பலாம்?

விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் திரையின் கீழே, இடது மூலையைக் கவனித்திருப்பீர்கள். சிறிய சூரியன் படம், பக்கத்தில் வெப்பநிலை. அதை க்ளிக் செய்தால் ஒரு பலகை விரியும். அதிலுள்ள வானிலைக் கட்டத்தை மீண்டும் க்ளிக் செய்தால் ஒரு பக்கம் திறக்கும். மழை, காற்று, ஈரப்பதம் என்ற வரிசையில் காற்றின் தரம் என்று ஓர் எண்ணும் அங்கே இருக்கும். செல்போனின் வானிலை ஆப்பிலும் கூகுள் மேப்ஸிலும் இதே போன்ற எண் உண்டு. மூன்றையும் அருகருகே திறந்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றும் மூன்று எண்களைக் காட்டும். நிறங்கள்கூட வேறாக இருக்கும்.

எது சரி? எல்லாமே தவறா? அரசாங்கம் மறைக்கிறதா? இப்படி ஏகப்பட்ட கேள்விகள் வருகின்றன. பதில் சற்று நீளமானது. ஆனால் புரிந்து கொள்ள பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. எக்ஸெல்லில் கூட்டல், சராசரி போடத் தெரிந்தால் போதும்.

எண் எங்கே பிறக்கிறது?

காற்றில் மிதக்கும் துகள்களில் உடலுக்கு அதிகம் கெடுதல் செய்வது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள். 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறியது. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். முடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இல்லாத தூசி என்று வைத்துக் கொள்ளுங்கள். மூக்கின் வடிகட்டலைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். 10 மைக்ரான் வரை உள்ள எல்லாத் துகள்களும் சேர்ந்தது பி.எம். 10. அதாவது பி.எம். 2.5 என்பது பி.எம். 10-க்குள் அடக்கம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு சோதனைக்குப் பயன்படும்.

இதை அளக்கும் அரசு நிலையங்களில் இருப்பது பெரிய மெஷின். ஒரு கேசட் டேப் மாதிரி வடிகட்டி நாடா உள்ளே சுற்றிக் கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் காற்றை உறிஞ்சி நாடாவின் ஒரு புள்ளியில் தூசியைப் படிய வைக்கும். பிறகு அந்தப் புள்ளியின் வழியாக பீட்டா கதிரைச் செலுத்தும். தூசி எவ்வளவு அதிகமோ அவ்வளவு கதிர் தடுக்கப்படும். அதிலிருந்து ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் தூசி என்று கணக்கிடும். அளந்தது இதுதான். மைக்ரோகிராம். இதற்குப் பிறகு நாம் பார்ப்பதெல்லாம் இந்த அளவின் மேல் போட்ட கணக்குகள்.

ஒரே காற்று, இரண்டு எண்கள்

பொதுமக்களுக்கு மைக்ரோகிராம் புரியாது என்பதற்காக அதை ஏ.க்யூ.ஐ. என்ற குறியீடாக மாற்றுகிறார்கள். இந்தியாவின் தேசியக் குறியீடு 2015 ஏப்ரலில் அறிமுகமானது. 0 முதல் 50 வரை நன்று, 100 வரை திருப்திகரம், 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், 500 வரை கடுமையானது. எட்டு மாசுகளுக்குத் தனித்தனியே எண் போட்டு, அவற்றில் எது அதிகமோ அதுவே அந்த இடத்தின் குறியீடு.

சிக்கல் எங்கே என்றால், ஒவ்வொரு நாடும் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. நம் கம்ப்யூட்டருக்கு வரும் பல வெளிநாட்டு வெப்தளங்கள் அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராம் பி.எம். 2.5 இருப்பதாக வைத்துக் கொள்வோம். இந்தியக் கணக்கில் குறியீடு 100. 'திருப்திகரம்.' 2024-ல் திருத்தப்பட்ட அமெரிக்கக் கணக்கில் அதே காற்றுக்குக் குறியீடு 154. 'ஆரோக்கியமற்றது' என்று சிவப்பில் வரும். காற்று மாறவில்லை, மெஷின் மாறவில்லை. மாற்றும் அட்டவணைதான் வேறு.

30 மைக்ரோகிராமுக்கு வாருங்கள். நம் கணக்கில் அது 50, 'நன்று', பச்சை. அமெரிக்கக் கணக்கில் 90, மஞ்சள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கான அளவு 15 மைக்ரோகிராம்தான். நம் பச்சை நிறம் அதைப் போல இரு மடங்கு வரை பச்சையாகவே இருக்கும்.

எங்கள் மடிப்பாக்கம் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மூச்சிரைப்புக்காரர். காற்று மோசமான நாளில் காலை நடை வேண்டாம் என்பது டாக்டர் உத்தரவு. மகன் லேப்டாப் வாங்கிக் கொடுத்த நாள் முதல் அதை ஆறு மணிக்கே திறந்துவிடுவார். "தம்பி, போன்ல பச்சை காட்டுது, லேப்டாப்புல மஞ்சள் காட்டுது. நான் நடக்கப் போகட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார். அவர் பார்த்தது ஒரே காற்றைத்தான். ஒன்று இந்திய அளவுகோல், இன்னொன்று அமெரிக்க அளவுகோல்.

"சார், நிறத்தை விடுங்க, மைக்ரோகிராம் எவ்வளவுன்னு பாருங்க" என்றேன். எந்தத் தளமானாலும் எண்ணின் மேல் க்ளிக் செய்தால் உள்ளே பி.எம். 2.5 தனியாக இருக்கும். பக்கத்தில் 'மைக்ரோகிராம்/கன மீட்டர்' என்ற அலகு போட்டிருந்தால் அது அளவு. அலகு இல்லாவிட்டால் அதுவும் குறியீடாக இருக்கக் கூடும். இரண்டு தளங்களை ஒப்பிடுவதானால் மைக்ரோகிராமோடு மைக்ரோகிராமை ஒப்பிடுங்கள்.

இன்னொன்று. 'மிதமானது' என்ற வார்த்தையைக் கண்டு ஏமாற வேண்டாம். ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்கள், இதய நோயாளிகள், குழந்தைகள், முதியவர்கள் ஆகியோருக்கு அந்த நிலையில் சிரமம் வரலாம் என்று அரசின் விளக்க அட்டவணையே சொல்கிறது. 'திருப்திகரம்' என்பதற்கு எதிரேகூட, எளிதில் பாதிக்கப்படுவோருக்கு லேசான மூச்சுச் சிரமம் என்றுதான் எழுதியிருக்கிறது. அட்டவணையின் அந்தப் பக்கத்து வரியை யாரும் படிப்பதில்லை.

உங்கள் தெருவில் மெஷின் இல்லை

சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் மணலி, மணலி கிராமம், ராயபுரம், கொடுங்கையூர், அரும்பாக்கம், ஆலந்தூர் பஸ் டெப்போ, வேளச்சேரி, பெருங்குடி என்று விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. சிலவற்றை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மற்றவற்றைத் தமிழ்நாடு வாரியமும் நடத்துகின்றன. பிறகு எப்படி ஆப்பில் 'மடிப்பாக்கம்' என்று போட்டு ஓர் எண் வருகிறது?

கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். பக்கத்து நிலையங்களின் அளவு, காற்றின் திசை, வாகன நெரிசல், சாட்டிலைட் படம், சில நிறுவனங்கள் வைத்திருக்கும் சிறிய சென்சார்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் மாடலில் போட்டு இடைப்பட்ட இடத்துக்கு மதிப்பீடு செய்கிறார்கள். இதில் தவறில்லை. வானிலை முன்னறிவிப்பும் இப்படித்தான். ஆனால் அளந்ததுக்கும் மதிப்பிட்டதுக்கும் ஒரே மாதிரி எழுத்து, ஒரே மாதிரி நிறம் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

தாலுகா ஊர்களில் இருக்கும் வாசகர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். உங்கள் ஊரைச் சுற்றி நிலையமே இல்லாவிட்டாலும் ஆப்பில் எண் வரும். அது பெரும்பாலும் உலகளாவிய மாடல் ஒன்றிலிருந்து வருவது. ஐரோப்பாவின் காம்ஸ் என்ற மாடல் பலரும் பயன்படுத்துவது. அதன் உலக வரைபடத்தில் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். தாம்பரமும் எண்ணூரும் ஒரே கட்டத்தில் விழக் கூடும் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். சாட்டிலைட்டும் தரையருகே உள்ள தூசியை நேராக அளப்பதில்லை. மேலிருந்து தரை வரை மொத்தக் காற்றும் ஒளியை எவ்வளவு மங்கச் செய்கிறது என்று பார்க்கிறது. மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. உங்கள் தெருமுனையில் குப்பை எரிவது இந்த எண்ணில் வராது.

தமிழகத்தின் சில ஊர்களில் கையால் அளக்கும் பழைய வகை நிலையங்களும் உண்டு. வடிகட்டித் தாளை வைத்து வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாட்கள் அளப்பார்கள். ஆண்டுச் சராசரிக்கு அது உதவும். இன்று காலை நடக்கலாமா என்பதற்கு உதவாது.

எண் பின்தங்கி வரும்

நம் குறியீட்டில் பி.எம். 2.5 என்பது 24 மணி நேரச் சராசரி. இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போமா? போகி அன்று அதிகாலை 4 மணி முதல் 8 மணி வரை புகையினால் 300 மைக்ரோகிராம், மற்ற நேரமெல்லாம் 30 என்று வைத்துக் கொள்வோம்.

காலை 5 மணி. கண் எரிகிறது, எதிர் வீடு தெரியவில்லை. கடந்த 24 மணி நேரத்தில் 23 மணி நேரம் 30, ஒரு மணி நேரம் 300. சராசரி 41. குறியீடு 68, 'திருப்திகரம்'. காலை 8 மணிக்குச் சராசரி 75 ஆகும். குறியீடு 149, 'மிதமானது'. அன்று மாலை கடல் காற்று அடித்து எல்லாம் தெளிந்த பிறகும், மறுநாள் அதிகாலை 4 மணி வரை அந்த 149 அப்படியே நிற்கும். புகை இருந்தபோது பச்சை. புகை போன பிறகு மஞ்சள். இது பொய் அல்ல. ஒரு நாள் முழுவதும் சுவாசித்ததன் அளவைச் சொல்ல உருவாக்கிய எண் அது. அதைப் போய் இந்த நிமிடம் ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டால் எப்படி?

2018 ஜனவரி 13, போகி அன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் ரத்தாகி, திருப்பி விடப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நாட்களில் ஒரு மணி நேர அளவைத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டுத் தளங்கள் சில, கடந்த 12 மணி நேர அளவுகளில் சமீபத்தியதற்கு அதிக மதிப்புக் கொடுத்துக் கணக்கிடுகின்றன. அதனால் அவை சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். உங்கள் போனும் லேப்டாப்பும் முரண்படுவதற்கு இது இன்னொரு காரணம்.

நீங்களே டவுன்லோடு செய்து பாருங்கள்

இப்போது கம்ப்யூட்டருக்கு வேலை கொடுப்போம். ப்ரவுசரைத் திறந்து, கூகுளில் சி.பி.சி.பி. என்ற வாரியத்தின் ஆங்கிலச் சுருக்கத்தோடு 'ஏர் குவாலிட்டி டேட்டா' என்று சேர்த்துத் தேடுங்கள். மத்திய வாரியத்தின் தளம் வரும். முகவரி அரசுத் தளம்தானா என்று பார்த்துக் கொள்ளுங்கள். அங்கே மாநிலம், நகரம், நிலையம், எந்த மாசு, எத்தனை மணி நேர இடைவெளி, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கேட்கும் தேடல் பக்கம் உண்டு. பக்கத்தின் தோற்றத்தை அவ்வப்போது மாற்றுவார்கள், பயப்பட வேண்டாம். பி.எம். 2.5, பி.எம். 10 இரண்டையும் டிக் செய்யுங்கள். இடைவெளியாக ஒரு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதலில் ஒரு வாரத்துக்கு மட்டும் கேளுங்கள். ஒரு வருடத்துக்குக் கேட்டால் தளம் திணறும். எக்ஸெல் ஃபைலாக இறக்கிக் கொள்ளலாம். எக்ஸெல் இல்லையா? இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் கால்க் போதும்.

ஃபைலைத் திறந்ததும் முதலில் சராசரி போட்டுவிடாதீர்கள். ஓட்டைகளைத் தேடுங்கள். சில கட்டங்கள் காலியாக இருக்கும், அல்லது எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும். மின்தடை, மெஷின் பழுது, பராமரிப்பு, நெட் இணைப்பு அறுந்தது என்று எதுவாகவும் இருக்கலாம். எக்ஸெல்லின் ஆவரேஜ் ஃபார்முலா இந்தக் காலிக் கட்டங்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். 24 மணி நேரத்தில் 10 மணி நேரத் தகவல்தான் இருந்தாலும் அழகாக ஒரு சராசரியைக் கொடுக்கும். நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க வழி: ஒரு நாளின் 24 கட்டங்களை மவுஸால் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேபில் ஆட்டோசம் பட்டனுக்கு அருகே உள்ள சிறிய அம்புக்குறியை க்ளிக் செய்யுங்கள். அதில் 'கவுன்ட் நம்பர்ஸ்' என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை கட்டங்களில் உண்மையான எண் இருக்கிறது என்று வரும். 16-க்குக் குறைவாக இருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள். இந்த 16 நான் சொல்வது அல்ல. குறியீடு கணக்கிடக் குறைந்தது 16 மணி நேரத் தகவல் வேண்டும் என்பது வாரியத்தின் சொந்த விதி. அந்த 16-லும் கவனம் தேவை. காணாமல் போன 8 மணி நேரம் எந்த நேரம்? தீபாவளி இரவா, சாதாரண மதியமா?

அடுத்தது, நான் முன்னால் சொன்ன சோதனை. பி.எம். 2.5 என்பது பி.எம். 10-க்குள் அடக்கம் அல்லவா? அப்படியானால் பி.எம். 10 எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு காலி நெடுவரிசையில் சமக்குறி போட்டு, பி.எம். 10 கட்டத்தை க்ளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, பி.எம். 2.5 கட்டத்தை க்ளிக் செய்து என்டர் தட்டுங்கள். கட்டத்தின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கடைசி வரிசை வரை இழுத்து விடுங்கள். ஒன்றிரண்டு மைக்ரோகிராம் மைனஸ் வந்தால் பரவாயில்லை, மெஷினின் இயல்பான தடுமாற்றம். 20, 30 என்று மைனஸில் வரிசையாக வந்தால் இரண்டு மெஷின்களில் ஒன்றாவது சரியில்லை. அந்த மணி நேரங்களை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, படம் வரையுங்கள். இன்செர்ட் டேப், லைன் சார்ட். உயிருள்ள காற்றின் கோடு ஏறி இறங்கும். அதிகாலையில் உயரும், மதியம் கடல் காற்று வந்ததும் தாழும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது மாதிரி ஐந்தாறு மணி நேரம் ஒரே எண் நின்றால் மெஷின் மாட்டிக் கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இப்போது பக்கத்து நிலையம் ஒன்றின் தகவலையும் இறக்கி, அதே படத்தில் இரண்டாவது கோடாகச் சேருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு கோடும் சேர்ந்து ஏறினால் நகரம் முழுவதையும் பாதிக்கும் விஷயம். பனிக்கால அதிகாலை, பட்டாசு, போகி போன்றவை. ஒன்று மட்டும் துள்ளிக் குதித்து மற்றது சும்மா இருந்தால் உள்ளூர்க் காரணம். பெரிய குப்பை மேட்டின் அருகில் இருப்பவர்கள் காற்றின் திசையையும் டிக் செய்து இறக்குங்கள். டிகிரியில் வரும். 0 என்றால் வடக்கிலிருந்து வீசுகிறது, 90 என்றால் கிழக்கிலிருந்து, 180 தெற்கு, 270 மேற்கு. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடி குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது. இப்படிப்பட்ட நாளில் காற்று வீசும் பக்கம் உள்ள தெருவில் மூச்சு முட்டும். எதிர்ப்பக்கம் இருக்கும் நிலையம் ஒன்றுமே நடக்காதது போல எண் காட்டும்.

நேரத்தையும் சரிபாருங்கள். சில வெளிநாட்டுத் தளங்கள் கிரீன்விச் நேரத்தில் தகவல் தரும். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இதை மறந்தால் அதிகாலைப் புகை நள்ளிரவில் வந்ததாகத் தெரியும்.

சொந்தமாக மீட்டர் வாங்கலாமா?

சில ஆயிரம் ரூபாய்க்கு மேசைமேல் வைக்கும் காற்று மீட்டர்கள் கிடைக்கின்றன. வாங்கலாமா என்று ஆசிரியரும் கேட்டார். நான் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனால் அது சொல்லும் எண்ணை யாரிடமும் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. இவற்றில் உள்ளது தூசியை எடை போடும் கருவி அல்ல. உள்ளே ஒரு சின்ன லேசர் இருக்கும். துகள்கள் மேல் பட்டு ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையை ஊகிக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். மீட்டர் அதையும் தூசி என்றே எண்ணும். சென்னை மாதிரி கடலோர ஊரில், அதுவும் அதிகாலையில், இது பெரிய பிரச்சினை. அமெரிக்காவில் பர்பிள் ஏர் என்ற பிரபலமான சென்சார்களின் தகவலை அரசு வரைபடத்தில் காட்டும் முன், ஈரப்பதத்தையும் சேர்த்து ஒரு திருத்தக் கணக்குப் போட்டுக் குறைத்துத்தான் காட்டுகிறார்கள். அவர்களுடைய திருத்தத்தை இங்கே அப்படியே போட முடியாது. நம் தூசியும் நம் ஈரமும் வேறு.

அதே மீட்டர் காட்டும் பி.எம். 10-ஐ மறந்துவிடுங்கள். பெரிய துகள்களை இந்த வகை சென்சார் சரியாகப் பிடிப்பதில்லை. விலை மலிவான சிலவற்றில் கார்பன் டை ஆக்சைடு என்று காட்டுவதும் நேரடி அளவு அல்ல, வேறு வாயுக்களை வைத்துப் போடும் ஊகம்.

ஆனால் வீட்டுக்குள் நடப்பதைக் காட்டுவதில் இது கெட்டிக்காரன். ஊதுவத்தி ஏற்றுங்கள், கடுகு தாளியுங்கள், கொசுவத்திச் சுருளைக் கொளுத்துங்கள். சில நிமிடங்களில் எண் பல மடங்கு ஏறும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்றும் தெரியும். எண்ணின் மதிப்பு தவறாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் உண்மையாக இருக்கும். ஆசிரியர் வீட்டில் வைத்துப் பார்த்தபோது மாலை பூஜை நேரத்தில்தான் எண் உச்சத்துக்குப் போனது. "வெளிக் காத்தைத் திட்டிட்டு இருந்தேனே தம்பி" என்று சிரித்தார்.

சரி, அரசு எண்ணை நம்பலாமா?

என் அபிப்பிராயம்: மெஷின் ஓடிக் கொண்டிருக்கும் நேரத்தில் அது தரும் மைக்ரோகிராமை நம்பலாம். சந்தேகப்பட வேண்டியது ஓடாத நேரத்தையும், நிலையம் இருக்கும் இடத்தையும்.

தில்லியைப் பாருங்கள். நாட்டிலேயே அதிக நிலையங்கள் உள்ள நகரம் அது. 2025 தீபாவளியன்று அங்குள்ள 37 நிலையங்களில் 9 மட்டுமே தொடர்ந்து இயங்கின என்று அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் சுட்டிக் காட்டப்பட்டது. எந்த இரவில் எண் தேவையோ அந்த இரவில் ஓட்டை. இன்னொரு விஷயம், நம் குறியீடு 500-ல் நின்றுவிடும். 2024 நவம்பர் 18 அன்று தில்லியின் அரசுக் குறியீடு 494. அதே நாட்களில் ஒரு தனியார் வெளிநாட்டுத் தளம் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டியது. அரசு பாதியை மறைத்துவிட்டது என்று பலர் பகிர்ந்தார்கள். ஒன்று உச்ச வரம்புள்ள ஒரு நாள் சராசரி, மற்றது உச்ச வரம்பில்லாத, அப்போதைய அளவு. இரண்டையும் கழித்துப் பார்ப்பது ரூபாயிலிருந்து டாலரைக் கழிப்பது போல.

ஆனாலும் இரண்டாவது சாட்சி ஒருவர் இருப்பது நல்லது. 2008-ல் பெய்ஜிங் அமெரிக்கத் தூதரகம் தன் கூரையில் பி.எம். 2.5 மெஷின் வைத்து மணிக்கொரு தடவை எண்ணை வெளியிடத் தொடங்கியது. சீன அரசு அப்போது பி.எம். 2.5 தகவலை வெளியிடவில்லை. நகரவாசிகள் இரண்டையும் ஒப்பிட ஆரம்பித்தார்கள். 2013 ஜனவரி முதல் 74 நகரங்களில் சீனாவே பி.எம். 2.5 எண்ணை வெளியிட்டது. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்திலும் அப்படியொரு மெஷின் இருந்தது. நிதியைக் காரணம் காட்டி 2025 மார்ச்சில் உலகம் முழுவதும் இந்தத் தகவலை வெளியிடுவதை அமெரிக்கா நிறுத்திவிட்டது. சென்னைக்கு இருந்த சுதந்திரமான ஒப்பீடு அதோடு போயிற்று.

குறியீட்டால் சொல்ல முடியாதவையும் உண்டு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயில் அமோனியா கசிந்தது. மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள், பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். எட்டு மாசுகளின் பட்டியலில் அமோனியாவும் இருக்கிறது. ஆனால் அதற்கும் 24 மணி நேரச் சராசரிதான். குறியீடு என்பது எரிவாயு அலாரம் அல்ல. நாற்றம் அடித்து, கண் எரிந்தால் திரையில் பச்சை இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு நகருங்கள்.

ஆசிரியருக்கு நான் எழுதிக் கொடுத்த முறை எளிமையானது. வேளச்சேரி, பெருங்குடி இரண்டு நிலையங்களின் கடைசி இரண்டு மணி நேர மைக்ரோகிராமை மட்டும் பார்ப்பது. இரண்டும் வழக்கமான காலையைவிட அதிகமா குறைவா என்று தன் நோட்டில் உள்ள பழைய எண்களோடு ஒப்பிடுவது. அதிகமாக இருந்தால் நடையை ஒன்பது மணிக்குத் தள்ளிப் போடுவது. எந்த எண்ணுக்கு மேல் போகவே கூடாது என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுக் கொள்ளச் சொன்னேன். அது கம்ப்யூட்டர்காரன் சொல்லும் விஷயமல்ல.

வீடு வாங்கப் போகிறவர்கள் இன்றைய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கத்து நிலையத்தின் ஒரு வருடத் தகவலை மாதம் மாதமாக இறக்கிச் சராசரி போடுங்கள். இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவு 5. இரண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி இல்லாத சராசரி எதற்கும் உதவாது.

குப்பை எரிப்பு பற்றிப் புகார் கொடுக்கப் போகிறவர்கள் சொந்த மீட்டரின் எண்ணை மட்டும் எழுதினால் ஒதுக்கிவிடுவார்கள். தேதி, நேரத்தோடு எடுத்த போட்டோ, அதே மணி நேரத்தில் அரசு நிலையத்தின் அளவு, காற்றின் திசை மூன்றையும் ஒரே பக்கத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுங்கள். ஃபைலை இறக்கியவுடன் நிலையத்தின் பெயரையும் தேதியையும் ஃபைல் பெயராகவே கொடுத்துத் தனி ஃபோல்டரில் சேமியுங்கள். பிறகு அந்தப் பக்கம் அதே தகவலைத் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நீங்கள் கேட்கும் நாளின் கட்டங்கள் காலியாக இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய். மத்திய வாரியத்துக்கு ஆன்லைனிலேயே அனுப்பலாம். காற்று மோசமா என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த நிலையத்தில், இந்தத் தேதியில், எந்தெந்த மணி நேரம் மெஷின் ஓடவில்லை, ஏன், கடைசியாக எப்போது காலிபரேஷன் செய்யப்பட்டது என்று கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.